வலிக்காத கண்: நரம்பு மண்டலப் பாடத்திற்கு ஒரு துணைக் கட்டுரை

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலப் பாடத்தை நடத்தும்போது மாணவர்களிடமிருந்து வரக்கூடிய கேள்விகளில் ஒன்று இது: "எங்க தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்துச்சு. ஊசிகூடப் போடல, சொட்டு மருந்துதான் விட்டாங்களாம். முழிச்சுக்கிட்டேதான் இருந்தாராம். கண்ணுக்குள்ள கத்தி போனா வலிக்காதா டீச்சர்?"

இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தால் நியூரான், நரம்புத் தூண்டல், அனிச்சைச் செயல், மூளை நரம்புகள் என்று பாடத்தின் முக்கியக் கருத்துகள் அனைத்தையும் தொட்டுவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் வரும்: "அந்த மருந்தை வாங்கி வீட்ல வெச்சுக்கலாமா?" கூடாது என்பதே விடை. ஏன் கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லாவிட்டால் அந்த விடை மாணவர் மனத்தில் நிற்காது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஆசிரியர்கள் வகுப்பில் விடை சொல்ல உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்னியா ஏன் இவ்வளவு கூர்மையாக உணர்கிறது?

கண்ணின் முன்புறத்தில், கருவிழிக்கு மேல் கைக்கடிகாரக் கண்ணாடி போல் அமைந்திருக்கும் ஒளி ஊடுருவும் படலம் கார்னியா. இதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒளி தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதால் இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆனால் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ளன. உடலில் நரம்பு முனைகள் மிகுதியாக உள்ள திசுக்களில் கார்னியாவும் ஒன்று. கையில் விழுந்தால் நாம் கவனிக்கவே மாட்டாத ஒரு தூசி, கண்ணில் விழுந்தால் பாறாங்கல் போல் உறுத்துவது இதனால்தான்.

இந்த உணர்வை மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாம் மூளை நரம்பு, அதாவது முப்பெரு நரம்பு. செய்தி மூளைத் தண்டை அடைந்ததும், ஏழாம் மூளை நரம்பான முக நரம்பின் வழியே இமைத் தசைக்குக் கட்டளை வருகிறது, இமை மூடுகிறது. கண்ணீரும் சுரக்கிறது. நாம் யோசித்து முடிவெடுப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். அனிச்சைச் செயலுக்குச் சூடான பாத்திரத்தைத் தொட்ட கையையே எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். கண் இமைத்தலையும் சேர்த்துச் சொன்னால், எல்லா அனிச்சைச் செயல்களும் தண்டுவடத்தின் வழியே மட்டும் நடப்பவை அல்ல என்பதும் விளங்கும்.

1884: ஒரு தவளை, ஒரு குண்டூசி

கண் அறுவை சிகிச்சை மிகப் பழமையானது. கண்புரையை விலக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கண்களின் ஓவியங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து அக்காலத்தில் மருத்துவர்களிடம் இல்லை.

1846-இல் ஈதரும் அடுத்த ஆண்டில் குளோரோஃபார்மும் அறுவை சிகிச்சைக்கு வந்தன. நோயாளியை முழுவதுமாக மயக்கத்தில் ஆழ்த்த முடிந்தது. ஆனால் கண் மருத்துவர்களின் சிக்கல் தீரவில்லை. மயக்கம் தெளியும்போது நோயாளிக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். அந்த அழுத்தத்தில், அப்போதுதான் வெட்டித் திறந்த கண்ணிலிருந்து உள்பொருள் வெளியே பிதுங்கிவிடக்கூடும். மயக்கத்தில் இருப்பவரிடம் "மேலே பாருங்கள்" என்றும் சொல்ல முடியாது. கண்ணை மட்டும் மரக்கச் செய்ய வேண்டும், மனிதர் விழித்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் தேவை.

விடை, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் வளரும் கோகா என்ற செடியின் இலையில் இருந்தது. 1860-இல் ஆல்பர்ட் நீமன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அந்த இலையிலிருந்து கோகெயினைப் பிரித்தெடுத்தார். நாக்கில் வைத்தால் நாக்கு மரத்துப்போகிறது என்றும் குறித்து வைத்தார். அதன் பின் பலர் அதைச் சுவைத்தார்கள். பலருக்கும் நாக்கு மரத்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அந்தச் செய்தி அப்படியே கிடந்தது.

வியன்னா பொது மருத்துவமனையில் பணியாற்றிய கார்ல் கோலர், கண் மருத்துவராக விரும்பிய 26 வயது இளைஞர். பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டு அதே மருத்துவமனையில் அவருடைய நண்பர். கோகெயின் உடலுக்கும் மனத்திற்கும் தரும் ஊக்கத்தைப் பற்றி ஃபிராய்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். 1884-இல் அது குறித்து ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அந்த ஆராய்ச்சியின்போது கோகெயின் கோலரின் கைக்கும் வந்தது. நாக்கை மரக்கச் செய்வது கண்ணையும் மரக்கச் செய்யாதா என்று கேட்டவர் கோலர்.

அவர் செய்த சோதனையை வகுப்பில் படிப்படியாகச் சொல்லலாம். கோகெயின் தூளை நீரில் கரைத்து, ஒரு தவளையின் ஒரு கண்ணில் சொட்டு விட்டார். சிறிது நேரம் கழித்து அந்தக் கண்ணைக் குண்டூசியால் தொட்டபோது தவளை அசையவில்லை. மருந்து விடாத மற்றொரு கண்ணை இலேசாகத் தொட்டதுமே தவளை விலகியது. ஒப்பீட்டுச் சோதனைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது: ஒரே உயிரி, ஒரே நேரம், ஒரே ஊசி, மருந்து ஒன்றுதான் வேறுபாடு. பின்னர் முயல், நாய் ஆகியவற்றில் சோதித்தார். அதன்பின் கோலரும் உடனிருந்த குஸ்தாவ் கெர்ட்னரும் தங்கள் கண்களிலேயே மருந்தை விட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, ஊசியின் தலைப்பகுதியால் தொட்டுப் பார்த்தார்கள். தொடுவதே தெரியவில்லை.

1884 செப்டம்பர் 15 அன்று ஹைடல்பெர்க் நகரில் கண் மருத்துவர்கள் மாநாடு நடந்தது. அங்கு செல்லக் கோலரிடம் பணம் இல்லை. அவருடைய குறிப்பை யோசெஃப் பிரெட்டாவர் என்ற மருத்துவர் படித்துக் காட்டினார். அடுத்த மாதமே செய்தி அமெரிக்க மருத்துவ இதழில் அச்சாகிவிட்டது. மருந்தை ஓர் இடத்தில் மட்டும் செலுத்தி அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் முறை, பல் மருத்துவம் உட்பட மருத்துவத்தின் மற்றப் பிரிவுகளுக்கும் இதிலிருந்து பரவியது.

கோகெயினின் தீமைகளும் விரைவில் தெரியவந்தன. அது அடிமைப்படுத்தும் போதைப்பொருள். கண்ணைப் பொறுத்தவரை, கார்னியாவின் மேல் அடுக்கைச் சிதைத்து அதை மங்கச் செய்தது. எனவே மாற்று மருந்துகளைத் தேடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் புரோகெயினை உருவாக்கினார். 1943-இல் சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெயினை உருவாக்கினார். டெட்ராகெயினும் புரோபராகெயினும் கண்ணுக்கான சொட்டுகளாக வந்தன. இன்று கண் மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படுவது 0.5 சதவீதப் புரோபராகெயின். இவை போதை தருபவை அல்ல. ஆனால் கார்னியாவின் மேல் அடுக்குக்குக் கேடு செய்யும் குணம் இவற்றிலும் இருக்கிறது. இதைப் பின்னால் பார்ப்போம்.

மருந்து என்ன செய்கிறது?

நரம்பு ஓய்வில் இருக்கும்போது அதன் சவ்வுக்கு வெளியே சோடியம் அயனிகள் மிகுதியாக இருக்கும். தூண்டல் வந்ததும் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறக்கின்றன. அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த மின் மாற்றம் அடுத்த வாயில்களைத் திறக்கிறது. இப்படித் தொடர்ந்து செய்தி ஆக்ஸான் வழியே ஓடுகிறது.

மரப்பு மருந்து இந்தச் சோடியம் வாயில்களைத்தான் அடைக்கிறது. அதுவும் உள்பக்கமிருந்து அடைக்கிறது. இம்மருந்துகள் வலிமை குறைந்த காரங்கள். கரைசலில் இவற்றின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி மின்னூட்டம் இல்லாமலும் மறு பகுதி மின்னூட்டத்துடனும் இருக்கும். மின்னூட்டம் இல்லாதவை கொழுப்பாலான சவ்வைக் கடந்து நரம்புக்குள் நுழைகின்றன. உள்ளே சென்று மின்னூட்டம் பெற்றவை வாயிலில் ஒட்டிக்கொள்கின்றன. மேல்நிலை வகுப்பில் அமில–காரச் சமநிலையை நடத்தும் வேதியியல் ஆசிரியர்கள் இதை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம்.

நரம்பு சாகவில்லை, அறுந்துபோகவும் இல்லை. வாயில் அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். மருந்து மெல்ல விலகியதும் நரம்பு பழையபடி வேலை செய்யும். புரோபராகெயின் விட்ட அரை நிமிடத்திற்குள் கண் மரத்துவிடும். ஏறத்தாழ 15 நிமிடங்களில் உணர்வு திரும்பத் தொடங்கும்.

எது மரக்கிறது, எது மரப்பதில்லை?

மாணவர்களுக்குக் குழப்பம் வரும் இடம் இது. "கண் மரத்துப்போனால் கண் தெரியாதே?" என்பார்கள். பார்வையைக் கொண்டு செல்வது இரண்டாம் மூளை நரம்பான பார்வை நரம்பு. அது கண்ணின் பின்புறத்தில் இருக்கிறது. மேலே விட்ட சொட்டு அதைத் தொடுவதில்லை. கண்ணை அசைக்கும் தசைகளின் நரம்புகளும் தப்பிவிடுகின்றன. எனவே தாத்தாவுக்கு அறுவை அரங்கின் ஒளி தெரிந்திருக்கும், மருத்துவர் பேசியது கேட்டிருக்கும், கண்ணை அசைக்கவும் முடிந்திருக்கும். வலி மட்டும் தெரிந்திருக்காது. அதனால்தான் "வெளிச்சத்தையே பாருங்கள், அசையாதீர்கள்" என்று மருத்துவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

சொட்டு மருந்து மட்டும் எல்லாக் கண் அறுவை சிகிச்சைக்கும் போதாது. அது மரக்கச் செய்வது பெரும்பாலும் மேற்பரப்பைத்தான். சிறு துளையிட்டுச் செய்யும் நவீனக் கண்புரை அறுவைக்குச் சொட்டு போதும். தேவையானால் கண்ணுக்குள்ளும் சிறிதளவு லிடோகெயின் செலுத்துவார்கள். கண் அசையாமலும் இருக்க வேண்டிய அறுவைகளுக்குக் கண்ணைச் சுற்றி ஊசி போடுவார்கள். அதனால் ஒரு மாணவரின் தாத்தாவுக்குச் சொட்டும் இன்னொருவரின் பாட்டிக்கு ஊசியும் கொடுத்திருக்கலாம்; இரண்டும் சரியே. சிறு குழந்தைகளால் சொன்னபடி அசையாமல் படுத்திருக்க முடியாது என்பதால் அவர்களுக்குக் கண் அறுவையை முழு மயக்கத்தில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்.

அறுவை சிகிச்சை தவிர, கண்ணழுத்தம் அளக்கவும், கார்னியாவில் ஒட்டிய இரும்புத் துகளை எடுக்கவும், தையல் பிரிக்கவும் இச்சொட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

ஏன் வீட்டுக்குத் தருவதில்லை?

கார்னியாவில் கீறல் விழுந்தால் வலி பொறுக்க முடியாது. மருத்துவர் ஒரு சொட்டு விட்டதும் வலி மாயமாக மறைந்துவிடும். நோயாளி அந்தப் புட்டியைக் கேட்பது இயல்பே. மருத்துவர் தரமாட்டார். காரணங்கள் மூன்று.

முதலாவது, ஆறுவது நிற்கிறது. சிறு கீறல் விழுந்தால் சுற்றியுள்ள மேலடுக்குச் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களில் காயம் மூடிவிடும். மரப்பு மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டால் செல்கள் நகர்வது தடைபடும். இருக்கும் செல்களும் சிதையும்.

இரண்டாவது, காவல் போய்விடுகிறது. தூசி விழுந்தாலும் தெரியாது, இமை தானாக மூடாது, கண்ணீர் குறையும். கையால் தேய்த்தாலும் வலிக்காது. காயம் பெரிதாகும்.

மூன்றாவது, எச்சரிக்கை கேட்காது. காயத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டால் வலி கூடும். அதுவே நம்மை மருத்துவரிடம் விரட்டும். அந்த வலியை மறைத்துவிட்டால் தொற்று சத்தமில்லாமல் வளரும்.

மருந்தின் வேகம் குறைந்ததும் வலி முன்பைவிட மோசமாகத் தெரியும். மீண்டும் சொட்டு விடத் தோன்றும். இந்தச் சுழலில் சிக்கியவர்களின் கார்னியா வெண்மையாகி, கரைந்து, ஓட்டை விழுந்து, பார்வையே போனதுண்டு. உலகின் பல நாடுகளில் வெல்டிங் தொழிலாளர்களிடம் இதைக் கண் மருத்துவர்கள் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். வெல்டிங் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் கார்னியாவின் மேலடுக்கைச் சுடுகிறது. வலி உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல் தொடங்கும். மருத்துவர் சொல்லும் சிகிச்சையோடு விட்டுவிட்டால் ஓரிரு நாளில் ஆறிவிடக்கூடியது அது. மரப்புச் சொட்டைத் தொடர்ந்து விட்டால் ஆறக்கூடியதும் ஆறாமல் போகும்.

நம் மாணவர்களில் பலருடைய பெற்றோர் வெல்டிங் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். சில மாணவர்கள் விடுமுறையில் உதவிக்கும் போகிறார்கள். வகுப்பில் சொல்லும் இந்தச் செய்தி அவர்கள் வழியாக வீட்டை எட்டும்.

பள்ளியில் நாம் செய்ய வேண்டியவை

1. கண்ணில் தூசி விழுந்த குழந்தையைக் கண்ணைத் தேய்க்க விடக் கூடாது. சுத்தமான நீரால் கழுவ வேண்டும். உறுத்தல் நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

2. சுண்ணாம்பு அல்லது ஆய்வக வேதிப்பொருள் பட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் குழாய் நீரில் கண்ணைத் திறந்து பிடித்து, குறைந்தது 15 முதல் 30 நிமிடங்கள் கழுவ வேண்டும். அதன் பிறகே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். சுண்ணாம்பு போன்ற காரங்கள் திசுவுக்குள் ஊடுருவிச் செல்பவை. முதல் சில நிமிடங்களே பார்வையைத் தீர்மானிக்கும்.

3. பென்சில், காம்பஸ் முனை, குச்சி முதலியவை கண்ணைக் குத்தியிருந்தால் கழுவக் கூடாது. குத்திய பொருளைப் பிடுங்கக் கூடாது. அழுத்திக் கட்டக் கூடாது. காகிதக் குவளை போன்ற ஒன்றைக் கண்ணின் மேல் படாமல் கவிழ்த்துப் பிடித்தபடி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அறுவைக்கு முழு மயக்கம் தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம்.

4. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடக் கூடாது. வீட்டில் மீதியிருக்கும் பழைய சொட்டு மருந்தும் கூடாது.

5. மருத்துவரிடம் சென்று திரும்பிய குழந்தைக்கு என்ன சொட்டு விட்டார்கள் என்று கேட்டறியுங்கள். மரப்புச் சொட்டு விட்டிருந்தால் அரை மணி நேரமாவது கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாப்பாவை விரிக்கும் சொட்டு வேறு. அதை விட்டால் பல மணி நேரம் எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அந்தக் குழந்தையை அன்று கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க வகுப்பு: கண்ணுக்கு எத்தனை காவலர்கள் என்று கேளுங்கள். புருவம், இமை, இமைமுடி, கண்ணீர் என்று சொல்வார்கள். வலியையும் காவலர் பட்டியலில் சேர்த்து, அது என்ன காவல் செய்கிறது என்று பேசவிடுங்கள்.

நடுநிலை வகுப்பு: ஒரு கிராம்பை நாக்கின் நுனியில் வைத்துச் சிறிது நேரம் மெல்லச் சொல்லுங்கள். அதிலுள்ள யூஜெனால் நாக்கை இலேசாக மரக்கச் செய்யும். நீமன் கவனித்ததும் நாக்கு மரத்ததைத்தான் என்று சொல்லலாம். கிராம்பு ஒவ்வாத மாணவர்களை ஈடுபடுத்த வேண்டாம். முடிந்ததும் அனைவரும் கை கழுவ வேண்டும்; கை கண்ணுக்குப் போகக் கூடாது.

உயர்நிலை வகுப்பு: மாணவர்களை இரு வரிசைகளாகக் கைகோத்து நிற்கச் செய்யுங்கள். ஒன்று தொடு உணர்வு நரம்பு, மற்றொன்று பார்வை நரம்பு. முதல் மாணவர் பக்கத்தில் இருப்பவரின் கையை அழுத்த, அழுத்தம் கை மாறிக் கடைசி மாணவரான மூளையை அடையட்டும். பிறகு தொடு உணர்வு வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் ஒரு மாணவரிடம் 'மருந்து' என்று எழுதிய அட்டையைக் கொடுங்கள். அட்டை வைத்திருப்பவர் அழுத்தத்தைக் கடத்தக் கூடாது. தொடு உணர்வு நின்றுவிடும், பார்வைச் செய்தி தொடரும். அட்டையைத் திரும்ப வாங்கியதும் இரண்டும் ஓடும். உண்மையான நரம்பில் கைகளுக்குப் பதில் அயனிகள் வேலை செய்கின்றன என்பதையும் சொல்லி முடியுங்கள். தங்கள் கண்ணைத் தொட்டுச் சோதிக்கக் கூடாது என்று முன்கூட்டியே எச்சரிப்பது அவசியம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. கோலர் தவளையின் இரண்டு கண்களிலும் மருந்து விட்டிருந்தால் அவருடைய முடிவு எந்த வகையில் வலுவிழந்திருக்கும்?

2. இயல்பாக ஒரு கண்ணைத் தொட்டால் இரண்டு இமைகளும் மூடும். வலது கண்ணில் மட்டும் மரப்புச் சொட்டு விட்டிருக்கிறது. (அ) மருத்துவர் பஞ்சு நுனியால் வலது கார்னியாவைத் தொட்டால் என்ன நடக்கும்? (ஆ) இடது கார்னியாவைத் தொட்டால் வலது இமை மூடுமா? காரணம் கூறுக.

ஆசிரியருக்கு: (அ)-வில் எந்த இமையும் மூடாது, செய்தி மூளைக்கே போகவில்லை. (ஆ)-வில் வலது இமையும் மூடும். மரத்தது உணர்வு நரம்பு முனைகள்தான், இமையை மூடும் முக நரம்பு அல்ல. இதற்குச் சரியாக விடை எழுதும் மாணவர், உணர்வு நரம்புக்கும் இயக்க நரம்புக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டார் என்று கொள்ளலாம்.

3. பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், "போன தடவை ஆஸ்பத்திரியில் விட்ட சொட்டு நல்லா கேட்டுச்சு, கடையில் வாங்கி வெச்சுக்கப் போறேன்" என்கிறார். அவருக்குப் புரியும்படி ஐந்து வரியில் விடை எழுதுக.